பைனாகுலர் வாங்கும் முன்

பறவை பார்க்கக் கிளம்பியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. நவம்பர் 12 பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நாள். படத்துக்கு மாலை போடுங்கள். ஆனால் விடியும் முன்பே உங்கள் ஊர் வாய்க்கால் கரையில் போய் நின்றுவிடுங்கள். அவருக்குச் செய்யும் மரியாதை அங்கேதான் தொடங்குகிறது. அடைமழை மாதம், குடை மறக்க வேண்டாம்.

2. முதல் பாடம் வயலோரப் பனைமரம், அதில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள். 1930-ல் கையில் வேலை இல்லாதபோது, பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் உட்கார்ந்து அவர் தூக்கணாங்குருவிகளைப் பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதி வேலை நடக்கும். அது முட்டையிட்டு அடைகாத்ததும் ஆண் இன்னொரு கூட்டைத் தொடங்கிவிடும், இன்னொரு பெண்ணுக்காக. நம் பனைகளில் அரைகுறையாகத் தொங்கும் கூடுகளைக் காற்று பிய்த்தது என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். இப்போது வரப்பில் குந்தி, குருவி நெல் தாளின் ஓரத்தைக் கடித்து, பறந்தபடியே நீளக் கீற்றாகக் கிழித்துப்போவதைப் பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

3. தேதி, நேரம், இடம், எண்ணிக்கை எழுதுங்கள். 'நிறைய' என்று எழுதாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் கண்டதை எழுதுங்கள்: உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளைச் சிறகு. பெயர் பிறகு வரும், அது மடையான்.

4. வடுவூர் ஏரியில் கூடுகளின் அருகே போகாதீர்கள்.

5. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் போங்கள். அது 1967-ல் சரணாலயம் ஆனது. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் அங்கே சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் உயிர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுகிறார்கள். வளையத்தோடு செத்த பறவை கிடைத்தால் எண்ணை எழுதி, கிடைத்த இடத்தையும் தேதியையும் சேர்த்து அவர்களுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு தபாலால் ஒரு பயணத்தின் மறுமுனை தெரியவரும்.

6. சம்பா வயலில் எலித் தொல்லை என்று யாராவது விஷம் வைக்கப் போனால், முதலில் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றித் தரச் சம்மதம் கேளுங்கள். ராத்திரி ஆந்தை வந்து உட்காரும். சண்டை போடாதீர்கள், கூட நின்று ஊன்றுங்கள்.

7. உண்டிவில்லோடு வரும் பையனை விரட்டாதீர்கள். சாலிம் அலியும் சிறுவனாக ஏர்கன்னால் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டின் பெயர் கேட்கத்தான் அந்தப் பம்பாய்க் கழகத்தின் படியை முதலில் ஏறினார். உங்கள் பைனாகுலரை அவன் கையில் கொடுத்து, அந்தப் பனைமரத்தைக் காட்டுங்கள்.