ஏழாம் எண்ணைத் தேடும் கிரப்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ‘எர்ரர்: நோ சச் பார்ட்டிஷன்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று இன்னொரு வரி. கடையில் காட்டியதற்கு, ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்றார்களாம். அடிக்க விடாதே. அக்காவின் படங்களும் பிராஜெக்டும் வட்டில் அப்படியேதான் இருக்கின்றன. தொலைந்திருப்பது ஒரே ஒரு எண்.

அது தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று அந்தத் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் நம் நாட்டு சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஒரு கிராமத்துப் பிள்ளையின் கையில் இரண்டு இயங்குதளங்களைக் கொடுத்தது பெரிய காரியம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் என் கண்ணில் பட்டவர்களில் பலர் இரண்டாவதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இடத்தை அடைக்கிறது என்று அழித்தார்கள். அடுத்த முறை ஆன் செய்தபோது இதே கறுப்புத் திரையைப் பார்த்து மிரண்டார்கள். நீ லினக்ஸை அழிக்கவில்லை. அதனால் உன் வேலை சுலபம்.

என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொள். உன்னுடையது பழைய பயாஸ் ரக லேப்டாப். ஆன் செய்ததும் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிவைக்கும் நிரல்தான் கிரப்; 446 பைட்டுக்குள் அது முழுவதையும் அடக்க முடியாது. அதனால் அதன் தலை மட்டும் அங்கே இருக்கிறது. அடுத்த துண்டு முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில் இருக்கிறது. மெனுவும் மற்ற பாகங்களும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் பூட் என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. உன் வட்டில் டி டிரைவ் ஐந்தாம் எண், இ டிரைவ் ஆறு, லினக்ஸ் ஏழு. நீ இ-யில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டு, அதை அழித்து டி-யோடு சேர்த்தாய். அந்த நொடியே லினக்ஸ் ஆறாம் எண்ணாகிவிட்டது. தெருவில் ஒரு வீட்டைப் பக்கத்து வீட்டோடு சேர்த்துக் கட்டிய பிறகு கதவிலக்கங்கள் மாறியது தெரியாமல் பழைய இலக்கத்தைத் தேடும் தபால்காரர் மாதிரி, கிரப் இன்னும் ஏழைத் தேடுகிறது.

இனி கீபோர்டில் கை வை. இந்தத் திரையில் நீ அடிக்கும் எதுவும் வட்டில் எழுதப்படாது, பயப்படாதே. ‘எல்எஸ்’ என்று அடித்து என்டர் தட்டினால், பார்ட்டிஷன்களின் பட்டியல் அடைப்புக்குறிகளுக்குள் வரும். ஒவ்வொன்றையும் திறந்து பார்: எல்எஸ், ஓர் இடைவெளி, அடைப்புக்குறியோடு அந்தப் பெயர், கடைசியில் ஒரு சாய்கோடு. சாய்கோட்டை விட்டுவிட்டால் உள்ளே இருப்பதைக் காட்டாது. விண்டோஸ் பகுதிகளுக்கு ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்று வரும். கெட்டுப்போனது என்று எண்ணாதே. இந்தச் சின்ன கிரப்புக்கு விண்டோஸ் கோப்பு முறை படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். பூட், ஹோம் என்ற பெயர்கள் எதில் வரிசையாகத் தெரிகின்றனவோ அதுதான் லினக்ஸ். ஆறாம் எண்ணில் தெரியும்.

அடுத்து ‘செட் ப்ரிஃபிக்ஸ்’ என்று அடித்து, சமக்குறி போட்டு, ஆறாம் பார்ட்டிஷனின் பெயரையும் அதை ஒட்டி பூட், கிரப் என்ற ஃபோல்டர் வழியையும் கொடு. சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடாதே. பிறகு ‘இன்ஸ்மாட் நார்மல்’, அதன் பிறகு ‘நார்மல்’. பழைய மெனு வந்து நிற்கும். எண் மாறியும் மெனுவில் உள்ள வரிகள் வேலை செய்வதற்குக் காரணம், அவை பார்ட்டிஷனை எண்ணால் தேடாமல் யூயூஐடி என்ற நிலையான அடையாளத்தால் தேடுவதுதான்.

மெனு வந்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடாதே. மறுபடி ஆன் செய்தால் பழைய கதைதான். லினக்ஸுக்குள் போய் டெர்மினலைத் திற. சூடோ போட்டு ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளையை முழு வட்டின் பெயருக்குக் கொடு. அதாவது எஸ்டிஏ; எஸ்டிஏ6 அல்ல. இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம். பிறகு ‘அப்டேட்-கிரப்’. இது வட்டில் எழுதும் வேலை. அந்த லேப்டாப்பின் பேட்டரி போய் வெகு காலமாகிறது, நம் ஊரில் இது காற்றடி காலம் வேறு. கரண்டு நடுவில் போனால் அரைகுறையாக எழுதி நிற்கும். யுபிஎஸ் உள்ள வீட்டில் வைத்துச் செய்.

கிரப்பை எழுதிய பிறகு மெனுவில் விண்டோஸ் காணவில்லை என்றால் கலங்காதே. கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. புதிய லினக்ஸ் போட்டால்தான் உனக்கு இது வரும். எட்சி, டிஃபால்ட் வழியே உள்ள கிரப் கோப்பில் அதை அனுமதிக்கும் வரியைச் சேர்த்துவிட்டு அப்டேட்-கிரப்பை மறுபடி ஓட்டு.

பாவூர்சத்திரத்துச் சிநேகிதனின் புது லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் மெனு வரவில்லை என்றாயே, அது வேறு ரகம், யூஇஎஃப்ஐ. மேலே சொன்னதை அதில் செய்யச் சொல்லாதே. அங்கே தனியாக ஒரு சிறு பார்ட்டிஷனில் இரண்டின் தொடக்கக் கோப்புகளும் இருக்கும். விண்டோஸ் தன்னை முதலில் வைத்துக்கொள்வதுதான் வழக்கமான காரணம். பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றினால் போதும். ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று வந்தால் வேறு விஷயம்: 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் தொடக்கக் கோப்புகளைத் தடை செய்து, உலகம் முழுக்கப் பலரை இப்படி நிறுத்தியது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸை அப்டேட் செய்து, திரும்ப இயக்க வேண்டும். அணைப்பதற்கு முன்னால் விண்டோஸ் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி அவனிடம் இருக்கிறதா என்று கேள். அது இல்லாமல் கை வைத்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

உன் லேப்டாப் எழுந்ததும் முதல் வேலையாக அக்காவின் ஃபோல்டர்களை பென்டிரைவில் எடுத்து வை. அடுத்து, லினக்ஸ் டெர்மினலில் ‘எஸ்எஃப்டிஸ்க்’ கட்டளைக்கு மைனஸ் டி சேர்த்து ஓட்டி, வருகிற பார்ட்டிஷன் அட்டவணையை ஒரு கோப்பாகச் சேமித்து எனக்கும் அனுப்பு. எந்த எண்ணிலும் பூட் ஃபோல்டர் தெரியவில்லை என்றால் வேறெதையும் தொடாமல், எல்எஸ் காட்டிய பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா