மடிக்கணினி துயில்நிலையிலிருந்து மீளாவிடில் செய்ய வேண்டியவை

யூனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவுக்காக இணையத்தில் கணக்குத் திறப்பவர், 28 நாட்களுக்குள் விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து சமர்ப்பித்தல் வேண்டும்; தவறின் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரிடும். கணக்குத் திறந்த நாளன்றி, சமர்ப்பித்த நாளே கோரிக்கையின் தொடக்க நாளாகக் கொள்ளப்படும். ஆகவே, இடைநடுவில் செயலிழக்கும் மடிக்கணினியால் ஒரு குடும்பத்தின் வருமானமே தாமதமாகலாம்.

துயில்நிலையும் உறைநிலையும்

துயில்நிலையில் (ஸ்லீப்) திரை அணையும். செய்த வேலை தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அதனைக் காக்கச் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து செலவாகும். மின்கலம் முற்றாகத் தீர்ந்தால், சேமிக்கப்படாதவை அழிந்துவிடக்கூடும். உறைநிலையில் (ஹைபர்னேட்) வேலை வட்டில் பதியப்படுவதால் அந்த ஆபத்து இல்லை. புதிய மடிக்கணினிகள் பல, துயில்நிலையிலும் இணையத் தொடர்பைப் பேணுகின்றன. பைக்குள் வைத்த கணினி சூடாவதற்கும் மின்னேற்றம் குறைவதற்கும் இது ஒரு காரணமாகும்.

படிமுறைகள்

1. விண்ணப்பம் நிரப்பும்போது மின்னேற்றியை இணைத்து வைக்கவும்.
2. விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்ற வரிசையில் சென்று, துயில்நிலைக்கான நேரத்தை நீட்டிக்கவும்.
3. கணினி விழிக்காவிடின், முதலில் மின்பொத்தானை ஒருமுறை மெதுவாக அழுத்தவும். பயனில்லையெனில், அது அணையும்வரை சுமார் 10 வினாடிகள் அழுத்திப் பிடித்து, பின்னர் மீண்டும் இயக்கவும். சேமிக்காதவை இதனால் இழக்கப்படும்.
4. குறைபாடு தொடர்ந்தால், விண்டோஸ் புதுப்பிப்புகளையும் தயாரிப்பாளரின் புதுப்பிப்புகளையும் நிறுவவும்.
5. மின்கலம் வீங்கியிருப்பின் பயன்படுத்துவதையும் மின்னேற்றுவதையும் உடனே நிறுத்தவும். அதனை வீட்டுக் குப்பைத்தொட்டியில் இடலாகாது.

விற்பனையாளரின் பொறுப்பு

வணிகரிடம் வாங்கிய கணினி குறைபாடுடையதாயின், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, முதல் 30 நாட்களுக்குள் அதனைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கோரலாம். அதன்பின் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கோரலாம். அது பயனளிக்காவிடின் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். முதல் 6 மாதங்களுக்குள் தோன்றும் குறைபாடு, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அவ்வாறில்லை என்பதை விற்பனையாளரே நிரூபித்தல் வேண்டும். “உற்பத்தியாளரிடம் கேளுங்கள்” என்று கூறி அவர் தம் பொறுப்பிலிருந்து விலக முடியாது. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துக.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவித் தொலைபேசி: 0808 223 1133. கணினி பழுதுற்றிருக்கும் காலத்தில், அருகிலுள்ள பொது நூலகத்தின் கணினியிலிருந்து விண்ணப்பத்தைத் தொடரலாம். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறவாதீர்.