தாழ்ந்தோடும் நீரின் வலிமை
தாவோ தத்துவம் கற்பிக்கும் வாழ்க்கை நெறிகள்

காலையில் எழுந்ததும் நாம் கேட்கும் "தேத்தண்ணி"யில் உள்ள "தே" என்ற சொல், சீனாவின் புஜியான் கரையோர மக்களின் பேச்சிலிருந்து கப்பலேறி வந்ததாகும். தேயிலைச் செடியும் 1824 ஆம் ஆண்டு சீனாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு முதன்முதலில் கொண்டுவரப்பட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். சொல்லையும் செடியையும் பெற்றுக்கொண்ட மலையக மக்களாகிய நாம், அந்த நாட்டின் சிந்தனைகளைப் பற்றி அதிகம் அறிந்ததில்லை. அவற்றுள் மிகப் பழைமையான ஒன்றாகிய தாவோ தத்துவத்தை அறிமுகம் செய்து, அது நமது அன்றாட வாழ்வுக்கு எவ்வாறு உதவும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல்களும் ஆசான்களும்

"தாவோ" என்றால் "வழி" என்று பொருள். இத்தத்துவத்தின் மூல நூல் "தாவோ தே ஜிங்". 81 சிறிய அதிகாரங்களும் ஏறத்தாழ 5,000 சீன எழுத்துக்களும் கொண்ட இந்நூலை லாவோ ட்சு இயற்றினார் என்பது மரபு. அப்பெயருக்கு "முதிய ஆசான்" என்பதே பொருள். 1993 இல் சீனாவின் குவோதியன் என்னுமிடத்தில் ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட மூங்கில் ஏடுகளில் இந்நூலின் பகுதிகள் காணப்பட்டன. அவை கி.மு. 300 ஆம் ஆண்டளவைச் சேர்ந்தவை. இரண்டாவது முக்கிய நூல், கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவாங் ட்சுவின் பெயரால் வழங்குகின்றது. அது கதைகள் நிறைந்த நூல்.

ஒரு முஸ்லிம் மாணவி இதைப் படிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாவோ என்பது நாம் ஈமான் கொண்டுள்ள, படைத்துப் பரிபாலிக்கும் இறைவன் அல்ல. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. எனினும் சீனாவின் நான்ஜிங் நகரில் வாழ்ந்த லியு ஜி என்ற முஸ்லிம் அறிஞர் கொன்பியூசிய, பௌத்த, தாவோ நூல்களையெல்லாம் கற்ற பின்னரே, 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாத்தைச் சீன மொழியில் விளக்கி எழுதினார். தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே அயலவரின் ஞானத்தையும் மதிக்கலாம் என்பதற்கு அவர் நல்ல சான்று.

வலிந்து செய்யாமை

தாவோ தத்துவத்தின் மையக் கருத்து "வூ வெய்". சொல்லுக்குச் சொல் பார்த்தால் "செய்யாமை" என்று வரும். இதனால் பலர் இதைச் சோம்பல் என்று தவறாக எண்ணுகின்றனர். உண்மையில் இது, ஒன்றின் இயல்புக்கு எதிராக வலிந்து செய்யாமையாகும்.

சுவாங் ட்சு இதற்கு ஒரு சமையற்காரரின் கதையைக் கூறுகின்றார். சாதாரண சமையற்காரர் மாதந்தோறும் கத்தியை மாற்றுகின்றார். ஆனால் இவருடைய கத்தி 19 ஆண்டுகளாகியும் புதிதாகவே இருக்கின்றது. ஏனெனில் அவர் எலும்பை வெட்டுவதில்லை. மூட்டுகளுக்கிடையே இயற்கையாக உள்ள இடைவெளி வழியே கத்தியைச் செலுத்துகின்றார். அந்த இடைவெளியை அறிய அவருக்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. ஆகவே வூ வெய் உழைப்பின் கனி. உழைப்புக்கு மாற்று அல்ல.

இதை நமது மலைகளிலேயே காணலாம். பழகிய கை கொழுந்தைப் பிய்த்து இழுப்பதில்லை. ஒடியும் இடம் அறிந்து ஒடிக்கின்றது. மழை நீரை எதிர்த்து மலையில் எவரும் சுவர் எழுப்புவதில்லை. சரிவுக்குக் குறுக்கே மெல்லிய சாய்வில் கான் வெட்டுகின்றார்கள். நீர் வேகம் குறைந்து வழிந்தோட, மண் தோட்டத்திலேயே தங்கிவிடுகின்றது.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் எங்களுக்கும் இதில் பாடமுண்டு. பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடிய மனனம் செய்வது எலும்பை வெட்டுவதைப் போன்றது. நாள்தோறும் சிறிது சிறிதாக விளங்கிப் படிப்பதே இடைவெளி அறிந்து கத்தியைச் செலுத்துவது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் என நாம் படித்திருக்கின்றோம். முயற்சியும் நிதானமும் ஒன்றாக இருக்கலாம் என்பதை அந்தத் தவக்குல்லும் நமக்கு உணர்த்துகின்றது.

மூன்று செல்வங்கள்

67 ஆம் அதிகாரத்தில் லாவோ ட்சு தாம் பேணிக் காக்கும் மூன்று செல்வங்களைக் கூறுகின்றார். முதலாவது இரக்கம், இரக்கமுள்ளவருக்கே உண்மையான துணிவு வரும். தன் குழந்தைக்காக எதையும் எதிர்கொள்ளும் தாயை நினைத்தால் இது விளங்கும். இரண்டாவது சிக்கனம்; வீண்விரயம் செய்யாதவரால்தான் பிறருக்குத் தாராளமாகக் கொடுக்க முடியும். மூன்றாவது, எல்லோருக்கும் முன்னே நிற்கத் துடியாமை. அத்தகையவரையே மக்கள் தலைவராக ஏற்பர்.

தோழியின் கேள்வி

எட்டாம் அதிகாரம் நீரை உயர்த்திப் பேசுகின்றது. நீர் எல்லாவற்றுக்கும் நன்மை செய்கின்றது. எவரும் விரும்பாத தாழ்ந்த இடத்தில் தங்குகின்றது. எனவே அது தாவோவுக்கு நெருக்கமானது என்கின்றார் லாவோ ட்சு. எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள லயத்தில் வசிக்கும் தோழியிடம் இதை வியந்து சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பணிஞ்சு இருன்னு எங்களுக்கு யாரும் புதுசா சொல்லித்தரணுமா? எங்க பாட்டி காலத்துல இருந்து அதத்தானே கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

அவளுக்கு அன்று என்னால் பதில் கூற முடியவில்லை. நூலை மீண்டும் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. லாவோ ட்சு தாழ்மையைப் பெரும்பாலும் ஆள்பவர்களுக்கே போதிக்கின்றார். மக்களுக்கு மேலே இருக்க விரும்புபவன் சொல்லால் அவர்களுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது 66 ஆம் அதிகாரத்தின் கருத்து. 75 ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. மக்கள் பட்டினி கிடப்பதற்கு மேலே இருப்பவர்கள் அளவுக்கு மீறி வரி உண்பதே காரணம் என்கின்றது. ஆகவே ஏழையை அடங்கியிருக்கச் சொல்ல இந்நூலைத் துணைக்கு அழைப்பது பிழை. மேலும் 78 ஆம் அதிகாரம், மென்மையான நீரே கடினமானதை வெல்லும் என்றும் கூறுகின்றது.

மலையகம் கண்ட உதாரணம்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பல ஆண்டுகள் கழிந்தும் பலருக்கு உரிமை கிடைக்கவில்லை. 1986 ஜனவரியில் தைப்பொங்கலையொட்டி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையில் பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளர்கள் காலையில் மலைக்குச் செல்லாமல் பிரார்த்தனையில் அமர்ந்தார்கள். கல் எறியவில்லை, எவரையும் தாக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கப்படாமல் செடியிலேயே நின்றது. அதே ஆண்டு, நாடற்றவர்களாக எஞ்சியிருந்த 94,000 பேருக்குப் பிரசாவுரிமை வழங்க 5 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. எஞ்சிய சிக்கல்களுக்காக 2003 இலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

அந்தத் தொழிலாளர்கள் லாவோ ட்சுவைப் படித்தவர்களல்லர். காந்தியடிகளின் வழியே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனினும் மென்மை கடினத்தை வெல்லும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள உதாரணத்தை நான் அறியேன். நீர் தாழ்ந்து ஓடுகின்றது. ஆனால் ஓடாமல் நிற்பதில்லை. தோழிக்கு நான் பின்னர் சொன்ன பதிலும் இதுதான். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப இத தொரைமாரு படிக்கணும்" என்றாள்.

அவள் கூறியது சரியே. அத்துடன் நாமும் படிக்க வேண்டும். வீட்டில் தம்பி தங்கையருக்கும், வகுப்பில் பின்தங்கியவருக்கும், கடையிலும் தோட்டத்திலும் நமக்காக உழைப்பவருக்கும் நாமே "மேலே இருப்பவர்கள்". பிள்ளைகளின் இயல்பறிந்து வழிநடத்த வேண்டிய பெற்றோரும் அவ்வாறே. நமக்குக் கீழே இருப்பவரிடம் தாழ்ந்து நடப்பதும், அநீதியின் முன் நீரைப் போல விடாது ஓடுவதுமே தாவோ நூல்களிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடமாகும்.