இங்கிலீஷ் பரீட்சைக்கு வீட்டுத் தமிழ் உதவும்

மதறஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட கடைக்காரன் இங்கிலீஷ் இலக்கணம் எழுதலாமா என்று கேட்பீர்கள். கல்லாவில் அமர்ந்து பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்து வருகிறவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குள் நுழையலாமா என்று தீர்மானித்த மலாயாப் பிரவேசப் பரீட்சை 1964-ல் நிறுத்தப்பட்டது. அதில் தவறியவர்களில் பலருக்குப் படிப்பு அத்துடன் சரி. 1988-ல் வந்த யு.பி.எஸ்.ஆர். பரீட்சையும் 2021-ல் ரத்தாயிற்று. இனிக் கவலையில்லை என்று இருந்து விடாதீர்கள். சர்வதேசப் பள்ளிகள் பல சொந்தமாகச் சோதனை வைக்கின்றன. படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். இங்கிலீஷ் தாளும் காத்திருக்கிறது.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் சில மலாய்ப் பழக்கத்தால் வருபவை. மலாயில் நேற்று வாங்கினாலும் நாளை வாங்கினாலும், நான் வாங்கினாலும் அவன் வாங்கினாலும் 'பெலி'தான். அதே போக்கில் 'ஹி பை' என்று எழுதி விடுகிறார்கள். தமிழை நினைக்கச் சொல்லுங்கள். வாங்குகிறேன், வாங்குகிறான் என்று ஆளுக்குத் தக்கபடி வினை மாறுகிறதல்லவா? இங்கிலீஷில் அந்த மாற்றம் ஒரு 'எஸ்' எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது: 'ஐ பை', 'ஹி பைஸ்'.

'டிட் நாட் பாட்' என்பதையும் தமிழே திருத்தும். 'வாங்கவில்லை' என்கிறோம், 'வாங்கினவில்லை' என்று எவரும் சொல்வதில்லை. அங்கே இறந்த காலத்தை 'டிட்' சுமந்துவிட்டது. 'பை' சும்மா நின்றால் போதும். ஒரு மூட்டைக்கு இரண்டு கூலி எதற்கு?

ஒரு வீடு, ஓர் ஊர் என்பது போலத்தான் 'எ', 'ஆன்' இரண்டும். எழுத்தைப் பாராமல் ஓசையைக் கேட்கவேண்டும். ஒரு யானை என்கிறோம்; அதே ஓசையில் தொடங்குவதால் 'எ யூனிஃபார்ம்'. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லில் முதல் 'எச்' ஒலிப்பதில்லை. ஆகவே 'ஆன் அவர்'. அரிசிக்குப் பன்மை போடுவதும் வழக்கமான பிழை. அரிசியை எண்ணியா விற்கிறோம்? மூட்டையைத்தான் எண்ணுகிறோம்: 'டூ பேக்ஸ் ஆஃப் ரைஸ்'.

'தி' மட்டும் தமிழில் இல்லை. அதற்கு நிறைய வாசிப்பதே வழி.

கடை சாத்துமுன் அன்றைய பில் புத்தகத்தைப் பார்த்து ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். பிழை கண்டால் நீங்கள் திருத்தாதீர்கள். அடியில் கோடு மட்டும் போடுங்கள். மறுநாள் அவனே திருத்தட்டும்.