பழைய காரை மாற்றும் நேரம்: ரசித்து ஓட்டவும் வேண்டும், காலையில் ஸ்டார்ட்டும் ஆக வேண்டும்

ஒன்பது மணி மீட்டிங்குக்கு எட்டே முக்காலுக்கே வந்து உட்கார்ந்தால் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். ஒன்பதே காலுக்குச் சட்டைக் கையில் கிரீஸோடு நுழைந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். முதல் தடவை "வண்டி நின்னுடுச்சு" என்றால் அனுதாபம் கிடைக்கும். மூன்றாவது தடவை, "இவரை நம்பி டைம் சொல்ல முடியாது" என்று ஒரு எண்ணம் விழுந்துவிடும். அப்ரைசலில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்த கிளையன்ட் விசிட்டுக்கு மட்டும் வேறொருவர் பெயர் போகும்.

உங்களிடம் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக் இருக்கிறது. ஓஎம்ஆரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கோவை அவிநாசி ரோட்டிலோ தினமும் ஓட்டுகிறீர்கள். அடுத்த கார் நம்பகமாக இருக்க வேண்டும். வார இறுதியில் ஏற்காடு ஏறும்போது சிரிக்கவும் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே காரில் கிடைக்கும். தேர்ந்தெடுக்கும் வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

1. முதலில் பில்களை எடுங்கள். கடந்த இரண்டு வருடச் செலவைக் கூட்டுங்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், ஆயில் ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். புது காருக்கும் அவை வரும். மிச்சம் இருப்பதுதான் முதுமைச் செலவு: கிளட்ச் செட், ஏசி கம்ப்ரெசர், ஸ்டீயரிங் ரேக், ரேடியேட்டர் ஃபேன், லோயர் ஆர்ம். வருடத்துக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது புது கார் பக்கம் பாருங்கள். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இஎம்ஐ மாதம் சுமார் 16,600 ரூபாய். வருடத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம். பணக் கணக்கில் பழைய கார்தான் ஜெயிக்கும். "ரிப்பேர் செலவு தாங்கல, அதான் மாத்தறேன்" என்பது பெரும்பாலும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

மாற்றுவதற்கு உண்மையான காரணங்கள் வேறு. எப்போது நிற்கும் என்று கணிக்க முடியாத கார் உங்கள் வேலை நேரத்தைத் தின்கிறது. பாதுகாப்பு இன்னொன்று: நம் நாட்டில் எல்லாப் புது கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானதும், டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதும் 2019-இல்தான். அதற்கு முன் வாங்கிய பேஸ் மாடல்கள் பலவற்றில் இரண்டுமே கிடையாது. பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க எஃப்சி, பசுமை வரி என்று அலைய வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய காரின் ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் மனதில் வைத்து வந்ததல்ல. இந்த நான்கில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் மாற்றுங்கள். பொருந்தாவிட்டால் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் 30,000 ரூபாய் வேலை செய்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள்.

2. பட்ஜெட்டை அடுத்த வேலையை வைத்துப் போடுங்கள். கையில் வரும் இன்றைய சம்பளத்தை வைத்து எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். வரப்போகும் இன்கிரிமென்ட்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. நீங்கள் இப்படிக் கேளுங்கள்: நல்ல ரோல் ஒன்று 15 சதவீதம் குறைந்த சம்பளத்தில் வந்தால், இந்த இஎம்ஐயோடு அதை ஏற்க முடியுமா? இரண்டு வேலைகளுக்கு நடுவே இரண்டு மாதம் சம்பளம் இல்லாவிட்டால் தாங்குமா? இஎம்ஐ கழுத்தைப் பிடித்திருப்பவர் சம்பளப் பேச்சில் முதலில் இறங்கிவருவார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஹெச்ஆருக்கு அது பேச்சுத் தொனியிலேயே தெரிந்துவிடும்.

"ஏழு வருஷம் போட்டுக்குங்க சார், இஎம்ஐ குறையும்" என்று ஷோரூமில் சொல்வார்கள். அதே 8 லட்சத்துக்கு மாதத் தவணை 12,900-க்கு இறங்கும், உண்மைதான். ஆனால் மொத்த வட்டி சுமார் 1.96 லட்சத்திலிருந்து 2.81 லட்சத்துக்கு ஏறும். ஐந்து வருடத்தில் அடைக்க முடியாத கார் உங்கள் பட்ஜெட் கார் கிடையாது.

கம்பெனியில் கார் லீஸ் வசதி இருந்தால் வரியில் மிச்சம் வரலாம். 1.6 லிட்டர் வரையிலான இன்ஜினுக்குக் கணக்கிடும் சலுகை மதிப்பு, அதற்கு மேற்பட்டதைவிடக் குறைவு. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு பக்கத்தை முழுதாகப் படியுங்கள்: நடுவில் ராஜினாமா செய்தால் என்ன ஆகும் என்ற பக்கம். இரண்டு வருடத்துக்குள் வேலை மாறும் எண்ணம் இருந்தால் லீஸ் பக்கம் போகாதீர்கள்.

3. 10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய ஆயுள் வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.10 லட்சம் காருக்கு 1.82 லட்சம். காரின் விலை 20,000 கூடியதற்கு வரி 53,000 கூடுகிறது. சன்ரூஃபுக்காக மேல் வேரியன்ட் போகலாமா என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியிலும் ஒரு கோடு இருக்கிறது: நான்கு மீட்டருக்குள், 1.2 லிட்டருக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம்; அதற்கு மேல் 40. அது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

4. 'ஃபன்' என்றால் குதிரைத்திறன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தினமும் ஓட்டும் வேகம் 20 முதல் 80. அந்த வேகத்தில் சந்தோஷம் தருபவை மூன்று: குறைந்த எடை, சொன்ன இடத்துக்குத் திரும்பும் ஸ்டீயரிங், காலை அழுத்தியவுடன் பதில் சொல்லும் இன்ஜின். 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டில் 82 குதிரைத்திறன்தான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மேனுவல் கியரோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஓட்டிப் பாருங்கள்; இரண்டு மடங்கு விலையுள்ள எஸ்யூவிக்காரரைவிட நீங்கள் அதிகம் ரசிப்பீர்கள். உயரமான கார் ரோட்டைக் காட்டும். ஆனால் வளைவில் சாய்ந்துகொண்டே போகும்.

5. கியர்பாக்ஸ். இதில் எடுக்கும் முடிவுதான் உங்கள் ரசனையையும் ரிப்பேர் பில்லையும் ஒன்றாகத் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

மேனுவல்: அதிக சந்தோஷம், குறைந்த ரிப்பேர். கிளட்ச் பிளேட் தேயும், எந்த மெக்கானிக்கும் மாற்றுவார். மத்திய கைலாஷில் தொடங்கி டைடல் பார்க் வரை நகர்ந்தே போகும் முழங்காலுக்கு மட்டும் கஷ்டம். ஏஎம்டி: மேனுவல் பெட்டியிலேயே கிளட்சையும் கியரையும் மெஷின் மாற்றுகிறது. விலை குறைவு, மைலேஜ் நன்று. ஆனால் கியர் மாறும்போது தலை ஆடும், ஓவர்டேக் செய்யும் நேரத்தில் யோசிக்கும். ஆபீஸ் போய்வர மட்டும் என்றால் சரி. ரசிக்க வேண்டும் என்றால் வேண்டாம். சிவிடி: வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போகும், நகரத்துக்கு நல்லது. முழுதாக அழுத்தினால் சத்தம் முன்னே போகும், கார் பின்னே வரும்.

டிசிடி, டிஎஸ்ஜி: கண் சிமிட்டும் நேரத்தில் கியர் மாறும். ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுவதற்கு இதைவிட ஜாலி இல்லை. ஆனால் டிரை கிளட்ச் வகைக்கு, அடி அடியாக நகரும் டிராஃபிக்கும் மே மாத வெயிலும் எதிரி. கிரீப்பிங்கில் கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கி, சூடாகிக்கொண்டே இருக்கும். வாரன்டி முடிந்த பிறகு மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் பில் பெரிது. தினமும் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் நிற்பவர், நீட்டித்த வாரன்டி இல்லாமல் இதை வாங்கக் கூடாது. டார்க் கன்வர்ட்டர்: மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் ஊர்ந்து போவதைத் தாங்கும். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், ரசனையும் வேண்டும், பயமும் கூடாது என்கிறவருக்கு என் பதில் இதுதான்.

6. ஷார்ட்லிஸ்ட்டை மூன்றோடு நிறுத்துங்கள். எட்டு காரை வைத்துக்கொண்டு யூடியூப் பார்ப்பவர் ஆறு மாதம் கழித்தும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். என் வரிசை இது; இதில் உங்களுக்குப் பொருந்தும் மூன்றை எடுங்கள். செலவு குறைவாக, கவலை இல்லாமல் வேண்டும் என்றால் ஸ்விஃப்ட் மேனுவல். கொஞ்சம் கூடுதல் காரம் வேண்டும் என்றால் ஹூண்டாய் ஐ20 என் லைன், 6 கியர் மேனுவலில்: 1.0 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், இறுக்கமான சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற கார். ஹூண்டாய் சர்வீஸ் சின்ன ஊர்களிலும் உண்டு. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாருதி ஃபிராங்ஸ் டர்போ அல்லது மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ பெட்ரோல். இரண்டிலும் டார்க் கன்வர்ட்டர்.

பட்ஜெட் இன்னும் நீளுமானால் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் அல்லது ஸ்கோடா ஸ்லாவியாவின் 1.0 லிட்டர் டிஎஸ்ஐ. 115 குதிரைத்திறன், நெடுஞ்சாலையில் ஆணி அடித்தது போல் நிற்கும் உடல், குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 5 ஸ்டார். 1.5 லிட்டரின் 150 குதிரைத்திறன் ஆசை காட்டும். அதன் ஆட்டோமேட்டிக் டிஎஸ்ஜி என்பதை மறக்காதீர்கள். டர்போவே வேண்டாம் என்று நினைக்கும் நிதானக்காரருக்கு ஹோண்டா சிட்டி மேனுவல்: 1.5 லிட்டர், 121 குதிரைத்திறன், ஆர்பிஎம் ஏற ஏறப் பாடும் இன்ஜின்.

வந்து ஒரு வருடம்கூட ஆகாத புது மாடல் எதையும் வாங்காதீர்கள். முதல் வருட வாடிக்கையாளர் கம்பெனிக்காகச் சோதனை ஓட்டம் செய்கிறார். அந்த வேலைக்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள்.

7. நம்பகத்தன்மையை ஷோரூமில் விசாரிக்காதீர்கள். சனிக்கிழமை காலை சர்வீஸ் சென்டருக்குப் போய் உட்காருங்கள். பில்லை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் "எத்தனை வருஷம் ஆச்சு, என்ன மாத்துனாங்க?" என்று கேட்டால் கொட்டிவிடுவார். அதே கம்பெனி கார்களைத் தனியாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இரண்டே கேள்விகள்: எந்த ஸ்பேர் அடிக்கடி போகிறது? அது வர எத்தனை நாள் ஆகிறது? பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றால், எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் உங்களுக்கு அது மூன்று வாரம் ஓலா, ஊபர் செலவு. சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

8. டெஸ்ட் டிரைவ் ரூட்டை நீங்கள் சொல்லுங்கள். ஷோரூம்காரர் கூட்டிப்போகும் காலி ரோட்டில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் ஆபீஸ் போகும் நேரத்தில், நீங்கள் போகும் வழியில் கேளுங்கள். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து பாருங்கள். கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது, இழுத்து விடுகிறதா என்று கால் சொல்லும். பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்றில் கண்ணாடியை ஏற்றி, ஆடியோவை அணைத்துவிட்டு ஏறி இறங்குங்கள். 'டக்' என்று ஒரே சத்தமா, உள்ளே பிளாஸ்டிக் கடகடக்கிறதா? பேஸ்மென்ட் ராம்ப்பில் நிறுத்தி எடுங்கள். அம்மாவையோ அப்பாவையோ பின் சீட்டில் உட்கார வையுங்கள். அவர்கள் ஏறி இறங்கச் சிரமப்பட்டால் ஊருக்குப் போகும்போதெல்லாம் வேறு வண்டி எடுக்க வேண்டியிருக்கும். பெரிய அலாய் வீல் வேரியன்ட்டையும் சின்ன வீல் வேரியன்ட்டையும் இரண்டையும் ஓட்டுங்கள். நம் ரோட்டுக்குச் சின்னதே பெரும்பாலும் மெத்தென்று இருக்கும், டயர் விலையும் குறைவு.

9. செகண்ட் ஹேண்டில் இறங்கினால் நிதானம் வேண்டும். உற்பத்தி நின்றுபோன போலோ, ஃபோர்டு ஃபிகோ மாதிரியான கார்களை ஓட்டியவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டாவது காராக, சொந்த மெக்கானிக்கோடு வாங்கலாம். தினசரி ஆபீஸுக்கு இருக்கும் ஒரே காராக வேண்டாம். கன்சல்டிங்கில் பார்க்கும் எந்தக் காரிலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். அடியில் மண் கோடோ, பழுப்புக் கறையோ இருந்தால் அது 2015 அல்லது 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பார்த்த காராக இருக்கலாம். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவைத் தேடுங்கள். டயரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் சொல்லும் காரில் நான்கு டயரும் மாறியிருந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

10. விலை பேசும்போது ஆன்-ரோடு விலையை வரி வரியாகத் தாளில் கேளுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வெளியே மூன்று கொட்டேஷன் வாங்கி மேஜையில் வையுங்கள், அங்கேயே குறையும். மாதக் கடைசியில் போங்கள், சேல்ஸ் எக்சிகியூட்டிவுக்கும் டார்கெட் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் போனஸையும் பழைய காரின் விலையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கலந்து சொன்னால் எதில் எடுத்து எதில் கொடுத்தார்கள் என்று தெரியாது. டெலிவரிக்கு முன் காரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, எந்த மாதம் தயாரித்தது என்று உறுதி செய்த பிறகே மீதிப் பணம்.

11. பழைய காரை விற்ற அன்றே வேலை முடியாது. ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள் அதிகம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்கள். பழைய ஃபாஸ்டேகை மூடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி ரிட்டென்ஷன் லெட்டர் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் புது காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழியும். கடிதம் மூன்று வருடம் செல்லும். புது பாலிசிக்குக் கையெழுத்துப் போடும் முன்பே அது உங்கள் கையில் இருக்கட்டும்.