மூன்று சென்டிமீட்டர் எங்கே போகிறது?

நகராட்சிப் பணிகள், ஒப்பந்தங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நகராட்சிகளில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிமென்ட் சாலை போட்டார்கள். இப்போதே மேலே உரிந்து ஜல்லி தெரிகிறது. விசாரித்தால், மதிப்பீட்டைவிட 20 சதவீதம் குறைத்துக் கேட்டவருக்கு வேலையைக் கொடுத்தோம் என்கிறார்கள். குறைத்துக் கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? நன்றாக வேலை செய்கிறவராகப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சட்டம்தான் சொன்னது அம்மா. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதற்கான 2000-ஆம் ஆண்டு விதிகளும்தான் உங்கள் தெருச் சாலைக்கும் பொருந்தும். தகுதியுள்ளவர்களில் யார் குறைந்த விலை கேட்டாரோ, அவருக்குத்தான் வேலை. விலையை இன்னும் குறைக்கச் சொல்லிப் பேசுவதானாலும், அந்தக் குறைந்த விலைக்காரரிடம் மட்டும்தான் பேசலாம். இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது.

இந்த விதியின் மேல் பலருக்கும் கோபம் உண்டு. எனக்கு இல்லை. 'நன்றாக வேலை செய்கிறவர்' யார் என்று முடிவு செய்யும் உரிமையை ஒரு தலைவர் கையிலோ அதிகாரி கையிலோ விட்டால், நன்றாக வேலை செய்கிறவர் என்பவர் நாளடைவில் வேண்டியவர் என்று ஆகிவிடுவார். அந்தக் கதவை அடைப்பதற்காக வந்த சட்டம் இது. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு மாவட்ட, மாநில இதழ்களில் வர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள். அவகாசத்தைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள்.

அப்படியானால் உங்கள் சாலை ஏன் உரிந்தது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று மதிப்பீட்டில் இருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். 12 சென்டிமீட்டர் கனம் மட்டும் போட்டால் 36 கன மீட்டர் போதும். மிச்சம் 9 கன மீட்டர், அதாவது சரியாக 20 சதவீதம். மூன்று சென்டிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலம்கூட இல்லை. தெருவில் நின்று பார்க்கிற யார் கண்ணுக்கும் தெரியாது. கனம் குறைவது ஒரு வழி. சிமென்டைக் குறைப்பது, தண்ணீரை அதிகமாக ஊற்றுவது என்று வேறு வழிகளும் உண்டு. மேல்பரப்பு உரிவதற்குப் பெரும்பாலும் பின்னது காரணமாக இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 20 சதவீதம் குறைத்துக் கேட்டவர் விலையில்தான் குறைத்தாரே தவிர, வேலையில் குறைப்பதாக எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 15 சென்டிமீட்டர் போடுவதாகத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்படியிருக்க 12 போட்டு 15-க்குப் பணம் வாங்கியிருந்தால், யாரோ ஒருவர் 15 என்று எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அதை எழுதும் இடம் அளவுப் புத்தகம். நாங்கள் 'எம் புக்' என்போம். நகராட்சியில் ஒரு சின்ன வேலையின் உயிர் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பொறியாளர் களத்தில் அளந்து எழுதுவார், மேலே உள்ளவர் சரிபார்ப்பார், அதன் மேல்தான் பட்டியல் தயாராகிக் காசோலை போகும். டெண்டர் திறக்கிற அன்று நூறு கண் பார்க்கிறது. எம் புக் எழுதுகிற அன்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 2022-இல் வேலூரில் ஒரு தெருவில், நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்துக் கான்கிரீட் போட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கலவை கொட்டும் நேரத்தில் பார்க்க வேண்டியவர் பக்கத்தில் நின்றிருந்தால் அது நடந்திருக்குமா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு சந்துக்குள் கான்கிரீட் போட்டார்கள். இரண்டு ஓரத்திலும் பலகை அடித்திருந்தது. பலகையோரம் டேப் வைத்து அளந்தேன். 15 சென்டிமீட்டர் சரியாக இருந்தது. எழுதிவிட்டேன். மறு மாதமே குடிநீர்க் குழாய்க்காக நடுவில் உடைத்தார்கள். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் 10 சென்டிமீட்டர்கூட இல்லை. தெருவின் நடுமுதுகு மேடாக இருந்திருக்கிறது. அதை வெட்டிச் சமப்படுத்தாமல் அப்படியே கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு பலகையிலிருந்து எதிர்ப் பலகைக்கு நூல் பிடித்து, நூலின் நடுவிலிருந்து தரைவரை அளக்காமல் நான் கலவை கொட்ட விட்டதில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் பழுதானால் ஒப்பந்தக்காரர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்காகத்தான் அவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று முதலில் கேளுங்கள். முடிந்துவிட்டால் பிடித்த பணமும் போய்விடும், பிடியும் போய்விடும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். மதிப்பீட்டின் நகல், ஒப்பந்த நகல், அந்த வேலைக்கான எம் புக் பக்கங்கள், கான்கிரீட் சோதனை அறிக்கை, இந்த நான்கையும் கேளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுத்துப் போகவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. காகிதம் மட்டுமில்லை, உங்கள் சாலையிலிருந்து ஒரு துண்டையே நீங்கள் கேட்கலாம்.

கேள்வி: மழைக் காலத்தில் டெண்டரே விடாமல் வேலை கொடுக்கிறார்களே, அது சரியா?
— ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சில நேரம் சரிதான். 2023 டிசம்பரில் உங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அறுந்துபோன சாலைக்கு 15 நாள் அவகாசம் தந்து டெண்டர் விட்டுக்கொண்டிருந்தால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? இயற்கைச் சீற்றம் போன்ற நெருக்கடிக்கு ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு முந்தின வாரம் வாய்க்கால் தூர்வாருவதை 'அவசரப் பணி' என்று கோப்பில் பார்த்தால், அது ஆனியிலேயே டெண்டர் விட்டிருக்க வேண்டிய வேலை. அந்த இடத்தில் நீங்கள் கேள்வி கேட்பது முழுக்க நியாயம்.

கேள்வி: என் கணவர் சின்ன ஒப்பந்தக்காரர். வடிகால், நடைபாதை, பள்ளிக் கழிப்பறை என்று 5 லட்சம், 10 லட்சம் ரூபாய் வேலைகள் எடுத்துச் செய்தவர். இப்போது பத்து வேலையை ஒன்றாகக் கட்டி ஒரே டெண்டராக விடுகிறார்கள். எங்களால் அதில் நுழையவே முடியவில்லை. கிடைக்கிற ஒன்றிரண்டு வேலைக்கும் பில் வர மாதக்கணக்காகிறது. கூட இருப்பவர்கள், "இன்னும் குறைச்சுப் போடு, பிறகு பார்த்துக்கலாம்" என்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு சகோதரி, ஈரோடு

பதில்: சகோதரி, "பிறகு பார்த்துக்கலாம்" என்பதை முதலில் விட்டுவிடச் சொல்லுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளும் இடம் அந்த மூன்று சென்டிமீட்டர்தான், வேறு இடம் கிடையாது. மதிப்பீட்டில் உள்ள விலைகள் பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலில் இருந்து வருகின்றன. ஒப்பந்தக்காரரின் லாபமும் அதிலேயே அடக்கம். எம் சாண்ட், ஜல்லி, சிமென்ட், கொத்தனார் கூலி ஆகியவற்றின் இன்றைய ஈரோடு விலையை அவர் கையால் எழுதிக் கூட்டட்டும். வருகிற தொகைக்குக் கீழே ஒரு ரூபாயும் இறங்க வேண்டாம். மிகவும் குறைத்துக் கேட்டால் கூடுதல் பிணைத் தொகை வேறு கேட்பார்கள். அதற்கும் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பிடித்தங்களையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் போகும். தனிநபர் என்றால் வருமான வரி 1 சதவீதம். 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம். இவை போக, பொறுப்புக் காலத்துக்காக நிறுத்தி வைப்பதும் உண்டு. வரிகளைக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், மேஸ்திரிக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டிய கையில் அந்தப் பணம் இருக்காது.

பில் தாமதத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. உள்ளூர்ச் சாலைகள் கெடுவதற்கு ஒப்பந்தக்காரரின் பேராசை ஒரு காரணம் என்றால், நகராட்சி காலத்தில் பணம் தராதது அதைவிடப் பெரிய காரணம். ஆறு மாதம் கழித்துத்தான் காசோலை வரும் என்று தெரிந்தவர், வட்டியைக் கலவையிலிருந்துதான் எடுப்பார். நேர்மையானவர் வட்டியைச் சேர்த்து விலை போடுவார், அதனாலேயே தோற்றும் போவார். கடைசியில் தாக்குப்பிடிப்பவர்கள் பெரிய முதல் உள்ளவர்களும் துணிந்து ஏமாற்றுகிறவர்களும்தான். ஒரு நகராட்சி தரமான வேலை வேண்டும் என்று நினைத்தால், தரக் கட்டுப்பாட்டுக்கு முன்னால் தன் பில் மேசையைத்தான் சீர்செய்ய வேண்டும்.

உங்கள் கணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒப்பந்தப்புள்ளியில் எந்த நிதி என்று பார்க்கட்டும். நிதிக் குழு மானியம், அரசின் சாலைத் திட்ட நிதி என்று குறிப்பிட்டுத் தனியாக வந்த பணம் என்றால் பில் ஓரளவு விரைவாக நகரும். 'பொது நிதி' என்றிருந்தால், சம்பளமும் மின்கட்டணமும் போனபிறகு மிஞ்சுவதில்தான் உங்கள் முறை வரும். எம் புக்கில் அளவை ஏற்றுக்கொண்டதாக ஒப்பந்தக்காரரும் கையெழுத்துப் போடுவார். பலர் பார்க்காமலே போட்டுவிடுகிறார்கள். படித்துப் பார்த்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டபிறகு போடச் சொல்லுங்கள்.

வேலைகளைச் சேர்த்துக் கட்டுவதற்குச் சில சமயம் நியாயம் உண்டு. அடுத்தடுத்த நான்கு தெருக்களை ஒருவர் செய்தால் வடிகாலின் வாட்டம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஆனால் ஊரின் ஒரு கோடியில் உள்ள கழிப்பறையையும் மறு கோடியில் உள்ள சிறுபாலத்தையும் ஒரே டெண்டரில் கட்டுவதற்கு எந்தப் பொறியியல் காரணமும் கிடையாது. அறிவிப்பு வந்த உடனேயே, தேதி முடியும் முன், நாலைந்து சிறு ஒப்பந்தக்காரர்கள் சேர்ந்து ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள். டெண்டரில் கலந்துகொண்டு, முடிவில் அநியாயம் நடந்ததாகத் தெரிந்தால், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அந்த வாய்ப்பைத் தருகிறது. அந்த நாலைந்து பேரும் உட்கார்ந்து "இது உனக்கு, அது எனக்கு" என்று விலை பேசி வைத்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் அவரைப் போக விடாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட கூட்டு.

கேள்வி: நாளை மறுநாள் எங்கள் தெருவில் சிமென்ட் சாலை வேலை தொடங்குகிறது. நான் பொறியாளர் இல்லை. எதைப் பார்க்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஐயா, கலவை வரும் முன் பாருங்கள். வந்தபிறகு பார்த்துப் பிரயோஜனம் குறைவு. பழைய சாலையைச் சுரண்டி எடுத்தார்களா என்பது முதல் கேள்வி. எடுக்காமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிடும். தலைமைச் செயலாளர் 2021-லேயே சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். அடுத்து, முதல் பதிலில் நான் சொன்ன நூல். ஒரு நூலும் ஸ்கேலும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். நடுவில் அளந்து பாருங்கள்.

கலவை கொட்டும்போது குழாயை நீட்டித் தண்ணீர் விட்டு இளக்கினால், பணிவாக, ஆனால் சத்தமாகக் கேளுங்கள். வேலை சுலபமாவதற்காகத்தான் இளக்குகிறார்கள், கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் உரிவது அதனால்தான். போட்டு முடித்தபின் பாத்தி கட்டியோ சணல் சாக்கு போட்டோ இரண்டு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைத் தெருக்காரர்களே முறை போட்டு ஊற்றிய ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஏரியா சபைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். 2022 நவம்பர் 1-இல் தொடங்கி நம் நகரங்களில் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. ஆனால் வருகிறவர்கள் குறைவு.

கடைசியாக ஒன்று. கலவை வந்த அன்று, 15 சென்டிமீட்டர் கனசதுர இரும்பு அச்சுகளில் கொஞ்சம் கலவையை நிரப்பி எடுத்துப் போக வேண்டும். எடுக்கிறார்களா என்று பாருங்கள். அச்சில் உள்ள கலவையின் மேல்பரப்பு இறுகும் முன் உங்கள் தெருவின் பெயரையும் தேதியையும் அதில் ஆணியால் கீறச் சொல்லுங்கள். 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அவற்றை உடைத்துச் சோதிப்பார்கள். ஒப்பந்தத்தில் எம் 30 என்றிருந்தால், 28-ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டும். வீட்டு நாள்காட்டியில் 28-ஆம் நாளைக் குறித்து வையுங்கள். அன்று நகராட்சிக்குப் போய், எங்கள் தெருக் கட்டி எவ்வளவு தாங்கியது என்று கேளுங்கள்.