மழலைக் கைகளுக்கு மவுஸ் பழக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் சிறு குழந்தை இருந்தால், முதல் வாரத்திலேயே அது நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடும். என் பேத்திக்கு மூன்றரை வயது. மொபைல் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பழகியவள். கம்ப்யூட்டர் வந்ததும் மானிட்டரை விரலால் தள்ளினாள். எதுவும் நகரவில்லை. மவுஸைக் கையில் கொடுத்தேன். அதைத் தூக்கி மானிட்டர் மீது வைத்துத் தேய்த்தாள்.

நான் பொறுமை இழந்தேன். அவள் கை மீது என் கையை வைத்து, மவுஸை நானே நகர்த்தி, அவள் விரலை அழுத்தி கிளிக் செய்ய வைத்தேன். ஐந்து நிமிடத்தில் கையை உருவிக்கொண்டு அழுதாள். அதன்பின் பத்து நாட்கள் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை.

அப்போதுதான் பழைய நினைவு வந்தது. 1998ல் எங்கள் அலுவலகத்திற்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு வயது 46. பயிற்சி தர வந்த இளைஞர் இப்படித்தான் என் கையைப் பிடித்து நகர்த்தினார். எல்லாரும் பார்க்க, கூசிப்போனேன். பிறகு மதிய இடைவேளையில் தனியே உட்கார்ந்து சாலிடேர் சீட்டு ஆடித்தான் மவுஸ் பழகினேன். 1990ல் வெளியான விண்டோஸ் 3.0 உடன் வந்த விளையாட்டு அது. ஒரு சீட்டை இழுத்து மற்றொன்றின் மீது போடப் போட, மவுஸால் இழுப்பது தானாகக் கைவந்துவிட்டது. எனக்கு உதவிய வழியைப் பேத்திக்கும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஏன் கடினமாக இருக்கிறது?

போனில் தொட்ட இடத்திலேயே வேலை நடக்கிறது. மவுஸில் அப்படி இல்லை. கை மேஜையில் இருக்கிறது, அம்புக்குறி திரையில் ஓடுகிறது. கையை முன்னால் தள்ளினால் அம்பு மேலே போகிறது. இந்தத் தொடர்பு குழந்தையின் மனதில் பதிய நாளாகும். மேலும், நகர்த்துவது, கிளிக் செய்வது, இழுப்பது, டபுள் கிளிக் செய்வது என்று நான்கு தனித்தனிப் பழக்கங்கள் இதில் உள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் மவுஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். பாயிண்டர் ஸ்பீட் அளவைப் பாதிக்கும் கீழே குறைக்கவும்.

2. அதே செட்டிங்ஸில் அக்சஸபிலிட்டி பிரிவில், மவுஸ் பாயிண்டர் அண்ட் டச் என்பதில் அம்பின் அளவைப் பெரிதாக்கவும். என் பேத்தி, "தாத்தா, அம்பு எங்க போச்சு?" என்று கேட்பது அன்றோடு நின்றது.

3. சிறிய அளவு மவுஸ் வாங்கவும். இடது பட்டன் மீது ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டவும். "பொட்டை அழுத்து" என்றால் குழந்தைக்குப் புரியும்.

4. குழந்தைக்குத் தனி யூசர் அக்கவுண்ட் அமைத்து, அதை ஸ்டாண்டர்ட் யூசர் வகையில் வைக்கவும். இதை நான் தாமதமாகத்தான் செய்தேன். இழுக்கப் பழகிய மறுநாளே, குடும்பப் படங்கள் இருந்த என் போல்டரை ரீசைக்கிள் பின்னுக்குள் இழுத்துப் போட்டிருந்தாள். நல்லவேளை, ரீஸ்டோர் செய்ய முடிந்தது.

எந்த விளையாட்டு?

ஜேகாம்ப்ரி என்ற இலவசத் தொகுப்பை நான் பயன்படுத்துகிறேன். 2000ல் பிரான்சில் தொடங்கப்பட்டது. 2 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. இணையத்தில் தேடும்போது ஆங்கிலத்தில் ஜி, சி, ஓ, எம், பி, ஆர், ஐ, எஸ் என்று டைப் செய்திடவும்.

நகர்த்த: ஒரு படத்தைக் கட்டங்கள் மூடியிருக்கும். அம்பு பட்டதும் கட்டம் மறையும். கிளிக் தேவையில்லை. என் பேத்தி ஒரு வாரம் இதை மட்டுமே ஆடினாள். மவுஸ் மேஜை விளிம்புக்கு வந்துவிட்டால் தூக்கி நடுவில் வைக்கலாம் என்பதையும் இதில்தான் கண்டுகொண்டாள்.

கிளிக் செய்ய: நீந்தும் மீன்களைக் கிளிக் செய்து பிடிக்க வேண்டும். கட்டங்களைக் கிளிக் செய்து மறைக்கும் விளையாட்டும் உண்டு. அசையாத கட்டத்தில் தொடங்கிப் பிறகு மீனுக்குப் போகவும்.

இழுக்க: இதற்கு டக்ஸ் பெயிண்ட் நல்லது. 2002ல் வெளியான இலவச ஓவிய புரோகிராம் இது. பட்டனை அழுத்தியபடி நகர்த்தினால் கோடு விழும். தவறான கோடு என்று எதுவும் இல்லாததால் குழந்தைக்குப் பயம் இல்லை. படத்தைச் சேவ் செய்கையில் பெயர் கேட்டுத் தொல்லை தராது.

டபுள் கிளிக்: இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளவும். ஜேகாம்ப்ரியில் கோல் அடிக்கும் விளையாட்டில் இது பழகும். வராவிட்டால் சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

2 முதல் 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது, அதையும் குறைப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் கூறியது. ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். டிவி, போன் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். எனவே மவுஸுக்கு நான் தருவது பத்து நிமிடம்தான். இடது கையா, வலது கையா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், உங்கள் கையைக் குழந்தையின் கை மீது வைக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பு தவறான திசையில் போகும்போது நம் கை பரபரக்கும். சென்ற வாரம் ஒரு மீன் மூன்று முறை தப்பியபோது என் கையும் நீண்டது. "வேணாம் தாத்தா, நானே" என்றாள். நான்காவது முறை பிடித்துவிட்டாள்.